மிளகு செய்யாத குற்றம்

அத்தியாயம் பதினொன்று

“இன்னும் ஒரே ஒரு தடவ அது வீட்டுக்குள்ள ஈரம் பண்ணட்டும், அன்னிக்கே வெளிய போயிடணும்” என்று நாத்தனார் அஞ்சலாட்சி தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய் ஆறு நாள் ஆகியிருந்தது. அந்தத் தீர்ப்பைக்கூட மேனகா பொறுத்துக்கொண்டாள். அதைக் கேட்டு அவள் கணவன் செம்மல் தலையை ஆட்டினானே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

பன்னிரண்டு வருஷமாக முத்தியால்பேட்டையில் இந்த வீட்டை நடத்துகிறவள் அவள். ரெண்டு தெரு தள்ளி இருக்கிற அக்கா வந்து சட்டம் போடுவாளாம், தம்பி அதில் கையெழுத்துப் போடுவானாம்.

மேனகாவுக்கு லாஸ்பேட்டையில் டாக்டர் ஜொசியான் நடத்தும் கால்நடை கிளினிக்கில் வரவேற்பு வேலை. மூன்று வாரத்துக்கு முன்னால் யாரோ ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு கிளினிக் வாசலில் விட்டுப்போன நாட்டு நாய்க்குட்டிதான் மிளகு. உள்ளங்கை அளவு, கன்னங்கரேல் என்று இருந்தது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள் இனியா பார்த்த மாத்திரத்தில் பேர் வைத்துவிட்டாள். பேர் வைத்த பிறகு திருப்பி எங்கே கொண்டு போவது?

கம்பிக்கூண்டு ஒன்றை டாக்டரம்மாதான் இரவல் கொடுத்தார்.

“இத ஜெயில்னு நெனைக்காத மேனகா. அதோட ரூம்னு நெனச்சுக்க. நாய் தான் படுக்குற எடத்த அசிங்கம் பண்ணாது. தூங்கி எழுந்ததும் வெளிய, தின்னதும் வெளிய, விளையாடி முடிச்சதும் வெளிய. தினமும் ஒரே எடம். போனதும் அந்த நிமிஷமே கொஞ்சு. அடிக்காத. மூஞ்சிய அதுல புடிச்சுத் தேய்க்காத. எதுக்கு அடிக்கிறேன்னு அதுக்குத் தெரியாது. உன்னப் பாத்தா பயப்படணும்னு மட்டும்தான் தெரியும். வொலா, அவ்ளோதான்!” என்று பாதி பிரெஞ்சில் முடித்தார்.

மேனகா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். தேதி கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் நேரம் எழுதி வைத்தாள். ஆறு மணி, முருங்கைமரத்தடி, போனது. ஏழு இருபது, சோறு. ஏழரை, போனது. பழைய போர்வை விரித்த கூண்டுக்குள் மூன்றாம் நாளே மிளகு தானாகப் போய்ப் படுக்க ஆரம்பித்தது. பின்கட்டில் ரெண்டு தடவை தவறிவிட்டது, உண்மைதான். ஆனால் இந்த ஏழு நாளாக ஒரு சொட்டுக்கூட இல்லை.

தீர்ப்புக்கு முன்னால் முன்கூடத்திலும் மூன்று தடவை ஈரம். அங்கே குட்டியை விடுவதே கிடையாது.

“அது இல்லாம வேற யாரு?” என்றார்கள் எல்லோரும்.

அன்றைக்குச் சனிக்கிழமை. மாமியார் ஜெகதாம்பாள் இறந்து ஒரு வருஷம் நிறைகிற நாள். கூடத்தில் படத்துக்கு மாலை போட்டு, படையலுக்குப் பாய் விரித்தாயிற்று. மாமனார் சாமிக்கண்ணு புது வேட்டி கட்டிக்கொண்டு, படத்துக்கு எதிரே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுபத்திரண்டு வயது. போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். போலீஸ் உடுப்பும் சிவப்புத் தொப்பியுமாக அவர் எடுத்துக்கொண்ட படம் இன்னும் சுவரில் இருக்கிறது. அவர் ஒரு அதட்டல் போட்டால் தெருச்சண்டை அடங்கும் என்பார்கள்.

பத்து இருபதுக்கு மிளகை மரத்தடிக்குக் கொண்டு போனாள் மேனகா. போனது. பத்தரைக்குக் கூண்டில் விட்டுக் கொக்கியை மாட்டினாள். பத்தே முக்காலுக்குக் கூடத்தை ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டு, அஞ்சலாட்சியோடு சமையற்கட்டில் வடை தட்டப் போனாள்.

பதினொன்றரை இருக்கும். வாழையிலை எடுக்கக் கூடத்துக்குப் போன அஞ்சலாட்சி போட்ட கூச்சல் எதிர்வீட்டுக்கே கேட்டிருக்கும்.

“மேனகா! இங்க வந்து பாரு, உன் செல்லம் பண்ணியிருக்குற வேலைய!”

பிரம்பு நாற்காலிக்குக் கீழே தொடங்கி, படையல் பாயின் ஓரம் வரை ஈரம் ஓடியிருந்தது. நாற்காலி காலி.

மேனகா வாயைத் திறப்பதற்குள் அஞ்சலாட்சி துடைப்பத்தோடு பின்கட்டுக்குப் பாய்ந்துவிட்டாள். கொக்கியை இழுத்தாள். தூங்கிக்கொண்டிருந்த குட்டியைப் பிடரியோடு தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அதன் மூக்கை அந்த ஈரத்தில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். துடைப்பக்கட்டை ரெண்டு முறை இறங்கியது. மிளகு கத்தின கத்தலில் இனியா காதைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மேனகா துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டாள். “விடுங்க அண்ணி!”

“என் ஆத்தா படையல்ல வந்து மூத்திரம் பேஞ்சு வச்சிருக்கு. கொஞ்சச் சொல்றியா?”

“கொக்கி மாட்டியிருந்துச்சு அண்ணி. இப்ப நீங்கதான தொறந்தீங்க?”

அஞ்சலாட்சி ஒரு கணம் திகைத்தாள். ஒரே கணம்தான். “அதுக்கு முன்னாடி பண்ணியிருக்கும்.”

“பத்தரைக்கு உள்ள விட்டேன். அதுக்கப்புறம் நான் இந்த எடத்தத் தொடச்சேன். காஞ்சு கெடந்துச்சு.”

“அப்ப உன் பொண்ணு தொறந்து விட்டிருப்பா.”

“நான் தொறக்கவே இல்ல அத்தை!” என்றாள் இனியா விசும்பலோடு.

“அப்ப நான் பண்ணனா? இல்ல, படத்துல இருக்குற எங்கம்மா எறங்கி வந்து பண்ணுச்சா?”

மேனகாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கண் முன்னால் கொக்கியைத் திறந்தவளே, பூட்டிய கூண்டிலிருந்து நாய் வந்தது என்று சாதிக்கிறாள். இதற்கு மேல் எந்தச் சாட்சியைக் கொண்டு வருவது?

சாட்சி இருந்தார். குளியலறைப் பக்கமிருந்து மெதுவாக வந்து, நடைவாசலில் நின்றார் சாமிக்கண்ணு.

“மாமா, நீங்க இங்கதான உக்காந்திருந்தீங்க? குட்டி இந்தப் பக்கம் வந்துச்சா? சொல்லுங்க.”

அவர் மருமகளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். “நான்... கவனிக்கலம்மா” என்றார்.

“கேட்டல்ல? அவரையும் எதுக்கு இழுக்குற?” என்றாள் அஞ்சலாட்சி.

செம்மல் அதுவரை வாசலில் செருப்போடு நின்றுகொண்டிருந்தான். அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. ரெண்டு பேர் சத்தம் போட்டால் யார் சத்தம் பெரிசோ அந்தப் பக்கம் போய்விடுவது அவன் சுபாவம். காய்கறிப் பையை எடுத்தான். மிளகை அதற்குள் போட்டான்.

“அம்மா தெவசமும் அதுவுமா சண்ட வேணாம் மேனகா. நான் பாத்துக்குறேன்” என்றான். ஸ்கூட்டர் கிளம்பியது. இனியா தெருமுனை வரைக்கும் பின்னாலேயே ஓடிவிட்டுத் திரும்பி வந்தாள்.

கூடத்தைத் துடைக்க வேண்டியது யார்? மேனகாதான்.

தரையில் மண்டி போட்டுத் துணியைப் போட்டாள். பிழிந்தாள். மறுபடி போட்டாள். மறுபடி பிழிந்தாள். மூன்றாவது முறை பிழியும்போது கை நின்றுவிட்டது.

மூன்று வாரமாக அந்தக் குட்டிக்குத் துடைத்துக் கழுவியவள் அவள். ஒரு தடவைக்கு அது எவ்வளவு போகும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு டம்ளர்கூட இருக்காது. இது ஒரு செம்பு நிறைய.

நிமிர்ந்து பிரம்பு நாற்காலியைத் தொட்டுப் பார்த்தாள். இருக்கை நனைந்திருந்தது. மாமனார் காலையில் கட்டியிருந்தது புது வேட்டி. நடைவாசலில் வந்து நின்றபோது இடுப்பில் இருந்தது பழைய கைலி.

பின்பக்கம் போனாள். குளியலறை மூலையில் கவிழ்த்த முறத்துக்குக் கீழே ஒரு வாளி. அதில் முக்கி வைத்திருந்தது அந்தப் புது வேட்டி. கடை ஸ்டிக்கர்கூட இன்னும் உரியவில்லை.

ஒரு நிமிஷம் அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பிறகு தோன்றியது பரிதாபம் இல்லை, கோபம். முன்கூடத்திலிருந்து கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் சமையற்கட்டைத் தாண்டி, பின்கட்டைத் தாண்டிப் போக வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு அது தூரம்தான். சரி. அதைச் சொல்லித் தொலைக்கக்கூடாதா? எழுபது நாள் குட்டி அடி வாங்கிக் கிடக்கும்போது ‘கவனிக்கலம்மா’ என்று சொல்ல ஒரு மனுஷருக்கு எப்படி வாய் வரும்?

பல்லைக் கடித்துக்கொண்டு படையலை முடித்தாள். செம்மல் திரும்பி வந்து கை கழுவினான்.

“எங்க விட்டீங்க?”

“வைத்திக்குப்பம் பீச்சுல. மீன் விக்கிற எடம். அதுக்குத் தின்ன கெடைக்கும்.”

“அங்க இருக்குற பெரிய நாய்ங்க இத விட்டு வைக்குமா?”

“மேனகா, ப்ளீஸ். சோறு போடு.”

சோறு போட்டாள். அவன் வடையை ரெண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

ரெண்டு மணிக்கு அஞ்சலாட்சி மின்விசிறிக்குக் கீழே சாய்ந்தாள். செம்மலும் கண்ணயர்ந்தான். சாமிக்கண்ணு பின்பக்கம் வேட்டியை அலசிக்கொண்டிருந்தார். மேனகா போய் நின்றாள்.

“எத்தினி நாளா மாமா?”

அவர் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது.

“மூணு மாசமாவுது. மொதல்ல வேட்டியோட போச்சு, இப்பல்லாம் தரையில ஓடுது. வருதுன்னு தெரியறதுக்குள்ள வந்துடுது.”

“டாக்டர்கிட்ட போலாம்னு சொல்லியிருக்கலாம்ல?”

“யார்கிட்டம்மா சொல்றது? மவன்கிட்டயா? மருமவகிட்டயா?”

“குட்டி மேல போடத் தெரிஞ்சுதே!” என்றாள் மேனகா. “மூணு வாரமா நான் பேச்சு வாங்குறேன். என் பொண்ணு பொய் சொல்றான்னு பேர் வாங்கிட்டா. அந்த வாயில்லாத ஜீவனுக்கு மண்டையில கட்டையால அடி. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான இருந்தீங்க?”

“வாய் தெறக்கல மேனகா.”

“அத்தை கடைசி ரெண்டு மாசம் படுக்கையில போனாங்களே, அப்ப உங்க வாய் நல்லாத் தெறந்துச்சே மாமா. ‘நாய்கூட வெளிய போயிட்டு வருது, உனக்கு என்னாடி’ன்னு கேட்டீங்க. நான்தான் அந்தத் துணிய அலசிக்கிட்டு இருந்தேன். என் காதுல விழுந்துச்சு.”

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாமோ என்று இருந்தது. கிழவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அதத்தான் தெனம் நெனச்சுக்கிட்டுக் கெடக்குறேன்” என்றார். “அவளுக்கு அப்ப எப்படி இருந்திருக்கும்னு இப்பத்தான் தெரியுது. இன்னிக்கு அவ படத்துக்கு முன்னாடியே... என்னால எழுந்திருக்க முடியல. சமையல்கட்டுல நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்க, எப்படித் தாண்டிப் போறதுன்னு தயங்குனேன். வந்துடுச்சு. அப்புறம் நீங்க அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தப்ப நழுவிப் போனேன். அவ்ளோதான்.”

மேனகா அவர் கையிலிருந்து வேட்டியை வாங்கிப் பிழிந்து கொடியில் போட்டாள். கோபம் போய்விடவில்லை. ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“நீங்க யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேணாம் மாமா. நானும் சொல்ல மாட்டேன். திங்கக்கெழமை டாக்டர்கிட்ட போறோம், இதுக்கு மருந்து இருக்கு. ஆனா அந்தக் குட்டி என் வீட்டுக்கு வந்தாவணும். நான் போறேன்.”

“நானும் வரேன்” என்றார் அவர்.

“சரி. கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ போயிட்டு வந்துடுங்க.”

ஏட்டய்யா சொன்னபடி போய்விட்டு வந்தார்.

வைத்திக்குப்பத்தில் வெயில் இன்னும் இறங்கவில்லை. கரையேற்றிய படகுகளுக்கு நடுவே மேனகா “மிளகு, மிளகு” என்று கூப்பிட்டுக்கொண்டு நடந்தாள். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். வெட்கமாக இருந்தது. கடைசியில், மீதி மீனுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் கையைத் தட்டிக் கூப்பிட்டாள். கொளஞ்சி என்று பேர்.

“கருப்புக் குட்டியா? தோ, இங்க இருக்கு பாரு.”

அவளுக்குப் பின்னால் பக்கவாட்டில் சாய்த்து வைத்திருந்த காலி மீன்பெட்டி. அதன் மூலையில் சுருண்டு கிடந்தது மிளகு. காதோரம் ரத்தம் காய்ந்திருந்தது.

“பெரிய நாய்ங்க கொதற வந்துச்சுங்க, நான்தான் வெரட்டிவுட்டேன். அப்பப் பூந்ததுதான், வெளிய வர மாட்டேங்குது. தூக்கி வெளிய வுட்டா திரும்ப இதுக்குள்ளதான் ஓடுது. ஒரே ஒரு தடவ வெளிய வந்து மண்ணுல ஒண்ணுக்குப் போயிட்டுத் திரும்பப் பூந்துகிச்சு. என்னா அறிவு!”

மேனகா பெட்டிக்கு முன்னால் மண்டி போட்டாள். மூன்றே வாரத்தில் கற்றுக்கொடுத்ததை உயிர் போகிற பயத்திலும் அது தவறவிடவில்லை. பெட்டிக்குள் கை நீட்டினாள். குட்டி முதலில் பின்வாங்கியது. அந்தப் பின்வாங்கலைப் பார்த்ததும் அவளுக்கு மறுபடியும் ரத்தம் கொதித்தது. பிறகு வாசனை தெரிந்து, முனகிக்கொண்டே அவள் கைக்குள் வந்தது.

“இத இந்த வெயில்ல கொண்டாந்து கடாசிட்டுப் போனானே ஒருத்தன், அவன் நல்லா இருப்பானா? அவன் வயித்துல பொறந்தத எவனாவது இப்படிக் கடாசுனா தெரியும்!” கொளஞ்சி கத்திய கத்தலில் நாலு பேர் திரும்பினார்கள்.

“வுட்டது நான்தாம்மா” என்றார் சாமிக்கண்ணு.

மேனகா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அசையாமல் நின்றார். கொளஞ்சி இடுப்பில் கை வைத்து, தலை நரைத்த மனுஷன் என்றும் பார்க்காமல், அவருக்குத் தெரிந்த வசவு, தெரியாத வசவு எல்லாம் கொடுத்தாள். அத்தனையையும் அவர் கை கட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வரும்போது மணி நாலரை. அஞ்சலாட்சி வாசலிலேயே நின்றாள்.

“திரும்ப அந்தச் சனியனத் தூக்கிட்டு வந்துட்டியா? அப்பாவ வேற இழுத்துக்கிட்டு அலைஞ்சிருக்க! செம்மலு, பாருடா உன் பொண்டாட்டிய!”

கொடுத்த வாக்குக்காக மேனகா உதட்டை இறுக்கிக்கொண்டாள். அப்போது பின்னால் நின்ற சாமிக்கண்ணு பேசினார்.

“அஞ்சலாட்சி, அது குட்டி பண்ணது இல்ல. நான்.”

“என்னா நீங்க?”

“கூடத்துல ஈரம் பண்ணது நான்தான். முன்னாடியும் நான்தான். எனக்கு அடங்கல.”

அந்த வார்த்தைகளைச் சொல்ல அந்த மனுஷருக்கு எவ்வளவு தைரியம் தேவைப்பட்டிருக்கும் என்று மேனகாவுக்குத் தெரியும். இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்றுகூட ஒரு கணம் நம்பினாள்.

அஞ்சலாட்சி மேனகாவின் பக்கம் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது.

“அடிப் பாவி! ஒரு நாய்க்காக எங்கப்பன் வாயால இத சொல்ல வச்சிட்டியே! ஊரே சலாம் போட்ட மனுஷன்டி அவரு!”

“அண்ணி, நான் சொல்லச் சொல்லல—”

“பேசாத! அப்பா, நீங்க ஏன் அவளுக்குப் பயப்படறீங்க? உங்களுக்கு நான் இருக்கேன். இந்த வீட்ல இனிமே ஒரு நிமிஷம் இருக்கக் கூடாது. கெளம்புங்க.”

“அவ ஒண்ணும் சொல்லலம்மா. நெஜமாத்தான்—”

“எனக்குத் தெரியாதா உங்களப் பத்தி?”

நெஜத்தைச் சொன்னவரை ஒரு சொல்கூட முடிக்க விடவில்லை அவள். உள்ளே போய்ப் பையில் துணிகளைத் திணித்தாள். ஆட்டோவுக்குப் போன் போட்டாள்.

மேனகா கணவனைப் பார்த்தாள். “நீங்க வாயத் தொறங்க. உங்க அப்பா பொய் சொல்ற ஆளா?”

செம்மல் அப்பாவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். “ரெண்டு நாள் அக்கா வீட்ல இருந்துட்டு வாங்கப்பா” என்றான். “எல்லாம் கொஞ்சம் ஆறட்டும்.”

சாமிக்கண்ணு மகனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். ஆட்டோவில் போய் உட்கார்ந்தார்.

அஞ்சலாட்சி வீடு மாடியில். கழிப்பறை கீழே. பதினெட்டுப் படி. அது மேனகாவுக்கு நினைவு வந்தபோது ஆட்டோ கிளம்பிக்கொண்டிருந்தது. உள்ளே ஓடி, கொடியில் கிடந்த வேட்டி, கைலி, துண்டு எல்லாவற்றையும் உருவிக்கொண்டு வந்து அவர் மடியில் போட்டாள்.

“திங்கக்கெழமை காலையில ஒம்பது மணிக்கு நான் அங்க வந்து நிப்பேன் மாமா. நீங்க கீழ எறங்கி வாங்க, போதும்.”

அவர் தலையசைத்தார். அஞ்சலாட்சி திரைத்துணியை இழுத்துவிட்டாள்.

ஆட்டோ திரும்பியதும் மேனகா செம்மலை நோக்கி நடந்தாள். சத்தம் போடவில்லை.

“இன்னிக்கு ஒரே நாள்ல இந்த வீட்லேருந்து ரெண்டு பேர வெளிய அனுப்பிட்டீங்க. மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஒண்ணத்தான் என்னால தூக்கிட்டு வர முடிஞ்சுது.”

“நான் என்ன பண்ணுவேன் மேனகா, அக்கா—”

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. ஆட்டோ போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. திரையில் அக்கா பேர். செம்மல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“எடுங்க” என்றாள் மேனகா.

எடுத்தான். கேட்டுக்கொண்டிருந்தவன் முகம் மெல்ல வெளுத்தது.

“அக்கா... அக்கா, அழாத. மொதல்ல அழாம சொல்லு. அப்பா விழுந்து எந்தப் படியில கெடக்குறாரு?”